அடுப்படிச் சுவரை இடிக்கறதுக்கு முன்னாடி...

டிஸ்கி: நீளமான பதிவு. காப்பியோ டீயோ பக்கத்துல வெச்சுக்கிட்டு உக்காருங்க. வீட்டைக் கட்டிப் பார்னு சொல்லி வெச்ச பெரியவங்க, கட்டின வீட்டை இடிச்சுப் பார்னு ஏன் சொல்லாம விட்டாங்கங்கறதுதான் மேட்டர்.

பழைய வீட்டில் எந்த அறையை வேண்டுமானாலும் மாற்றிவிடலாம், சமையக்கட்டை மட்டும் லேசில் மாற்ற முடியாது. படுக்கையறைன்னா பெயிண்ட் அடிச்சு ஃபேன் மாட்டினா முடிஞ்சுது. அடுப்படி அப்படியில்லை. தண்ணி, நெருப்பு, புகை, கரண்ட், கேஸ், அம்பது கிலோ கல்லு எல்லாம் ஒரே ரூமுக்குள்ள வந்து நிக்குது. இதுல ஒவ்வொண்ணும் வேற வேற காலத்துல வந்து சேர்ந்தது. சுவரு மட்டும் பழைய காலத்துலயே நின்னுடுச்சு. அதனால அடுப்படியை மாத்தப் போனா சுவர், கூரை, தரை, வாசப்படின்னு வரிசையா ஏதாவது ஒண்ணு குறுக்கே நிக்கும். இந்த ஒவ்வொரு தடையும் ஒரு காலத்துல ஏதோ ஒரு பிரச்சினைக்குத் தீர்வா இருந்ததுதான். அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன்.

எங்க வீடு சேலத்துக்கு வடக்கே, கோரிமேடு தாண்டி ஏற்காடு ரோட்டில இருக்கிற கொண்டப்பநாயக்கன்பட்டியில். சுதந்திரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி அப்பாரு கட்டினது. அம்மாவுக்கு முழங்கால் தேஞ்சு போய், இனிமே குத்த வெச்சு உக்காரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா எங்க அடுப்படியில பாதி வேலை தரையிலதான். "நின்னு சமைக்கிற மாதிரி பண்ணிக் குடுங்கடா, அது போதும்"னு அம்மா கேட்டாங்க. பதிலுக்கு மூணு பேரு மூணு சொன்னாங்க. தம்பி, நடுச்சுவரை எடுத்துட்டு 'ஓப்பன் கிச்சன்' போடலாம்னான். காண்ட்ராக்டர் ஒருத்தர், மொத்த வீட்டையும் இடிச்சுட்டு ரெண்டு மாடி எழுப்பலாம்னார். சொந்தக்காரர் ஒருத்தர், அடுப்பு அக்னி மூலையில இல்லை, முதல்ல அதை மாத்துங்கன்னார். அந்த அக்னி மூலைக்குப் போகணும்னாலும் அதே சுவரைத்தான் இடிக்கணும் :-)

சரி, அந்தச் சுவர் அங்க எதுக்கு வந்துச்சு?

நெருப்புக்கும் புகைக்கும் போட்ட வேலி

கூரை வேய்ந்த வீடுகள் இருந்த காலத்தில் அடுப்படியைத் தள்ளி வைக்கிறதுதான் புத்திசாலித்தனம். ஒரு பொறி போதும், வீடே போயிடும். எங்க பக்கத்துல பொடக்காலி ஓரமா தனிக் கொட்டாய் போட்டுச் சமைச்ச வீடுகளை இன்னமும் பாக்கலாம். வசதி வந்தவங்க தொட்டிக்கட்டு வீடு கட்டினப்பவும் சமையக்கட்டு கடைசியிலதான். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளிலும் பல கட்டு தாண்டிக் கடைசிக் கட்டுலதான் சமையல். கூரை போய் ஓடு வந்தும், ஓடு போய் டெரஸ் வந்தும், 'அடுப்படின்னா பின்னாடி, தனியா, தடிச்ச சுவருக்கு அந்தப் பக்கம்'ங்கிற பழக்கம் மட்டும் மாறலை.

இதுல நெருப்பு மட்டுமே காரணம்னு சொன்னா அது பாதி உண்மைதான். யாரு அடுப்படி வரைக்கும் வரலாம், யாரு திண்ணையோட நிக்கணும், யாரு பொடக்காலி வழியா மட்டும் வரணும்னு ஒரு கணக்கு இருந்துச்சு. வீட்டுப் பொம்பளைங்க ஆம்பளைங்க பேசுற இடத்துக்கு வராம வேலை பாக்கவும் அந்தச் சுவரு உதவுச்சு. சுவருக்குச் சாதி தெரியாது, கட்டினவங்களுக்குத் தெரியும். ஓப்பன் கிச்சன் பத்திப் பேசுறப்ப இதையும் சேர்த்துத்தான் யோசிக்கணும். தம்பி கேட்டதுல ஒரு நியாயம் இருக்கு. அம்மா நாள் முழுக்க ஒரு இருட்டு ரூமுக்குள்ள தனியா நிக்கணுமாங்கிறது சரியான கேள்விதான்.

காலுக்குக் கீழே கல்லு, தலைக்கு மேலே டன் கணக்கில்

இப்ப சுவரோட ரெண்டாவது வேலைக்கு வருவோம். அதுதான் நம்ம கழுத்தைப் பிடிக்கிற வேலை.

சேலத்துக்காரங்க வீட்டுக்குக் கல்லுக்குப் பஞ்சமில்லை. சேர்வராயன் மலையே ஒரு கருங்கல் குவியல். அந்தக் கல்லுக்குப் பேரு சார்னோகைட். பேரு வந்த கதை சுவாரசியமானது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏஜெண்டாக இருந்த ஜாப் சார்னாக் 1693ல் இறந்தார். அவர் கல்லறைக்கு மெட்ராஸ் பக்கமிருந்து ஒரு கல் போனது. இருநூறு வருஷம் கழித்து, 1893ல் தாமஸ் ஹாலண்ட் என்கிற புவியியலாளர் அந்தக் கல்லை ஆராய்ந்து, கல்லறைக்காரர் பேரையே கல்லுக்கு வைத்தார். ஏற்காட்டு மலையும் அதே கல் குடும்பம். ஆக, எங்க ஊர் வீடுகளோட அஸ்திவாரத்துல இருக்கிற கருங்கல்லுக்கு, ஒரு வெள்ளைக்காரர் பேரு.

மலையடிவாரத்துக்கு மேற்கே வெள்ளை வெள்ளையா இருக்கிற 'சுண்ணாம்புக் கரடு' இன்னொரு தமாஷ். வெள்ளைக்காரங்களும் அதைச் 'சாக் ஹில்ஸ்'னுதான் எழுதி வெச்சாங்க. ஆனா அதுல இருக்கிறது சுண்ணாம்பு இல்லை, மேக்னசைட். அதைச் சுட்டுக் கிடைக்கிற மக்னீசியா 2,800 டிகிரி வரைக்கும் உருகாது. அதனால இரும்பு உருக்குற உலைகளுக்கு உள்பூச்சுச் செங்கல் செய்ய அது போகுது. ஊரே உலைக்குச் செங்கல் குடுத்துக்கிட்டிருந்தப்ப நம்ம அடுப்படியில மூணு கல்லு அடுப்பு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு.

வீடு கட்டுற சுண்ணாம்பு வேற. கடலோரத்துல கிளிஞ்சலைச் சுடுவாங்க, உள்நாட்டுல சுக்கான் கல்லைச் சுடுவாங்க. சுண்ணாம்புக் கல்லை 900 டிகிரி அளவுக்குச் சுட்டா அதுக்குள்ள இருக்கிற கரியமில வாயு வெளிய போயிடும். மிச்சத்துல தண்ணி ஊத்தி நீத்து, மணலோட அரைச்சுப் பூசினா, காத்துல இருக்கிற கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமா திரும்ப இழுத்து மறுபடி கல்லா மாறும். இது முடிய வருஷக்கணக்கில் ஆகும். பொறுமையான சரக்கு.

அந்தச் சுண்ணாம்பிலதான் மெட்ராஸ் டெரஸ் போட்டாங்க. தெரியாதவங்களுக்கு: முதல்ல சுவருக்குச் சுவர் மரக் கட்டைகளை வரிசையாப் போடுவாங்க. அது மேல சின்ன, மெலிசான செங்கல்லைக் குத்துக்கல்லா நிறுத்தி, கட்டைக்குக் கோணவாட்டத்துல சுண்ணாம்புக் கலவையில் அடுக்குவாங்க. அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, மரக் கட்டையால நாள்கணக்கில் அடிப்பாங்க. கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் இதுல சேரும். கடைசியா மேல தட்டோடு. கம்பி கிடையாது, சிமெண்ட் கிடையாது. மொத்தப் பாரமும் கட்டை வழியா இறங்கிச் சுவருக்குப் போகும்.

எவ்வளவு பாரம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூணு அங்குலக் குத்துச் செங்கல், மூணு அங்குல ஜல்லி, ரெண்டு வரிசை ஓடு எல்லாம் சேர்த்தா சதுர அடிக்கு 30 கிலோவுக்கு மேல வருது. எங்க அடுப்படி பத்துக்குப் பன்னெண்டு. 120 சதுர அடி, அதாவது 3,600 கிலோ. அதுல பாதி நடுச்சுவர் மேல. அந்தப் பக்கம் ஆசாரம் இருக்கே, அதோட கூரையும் கிட்டத்தட்ட அதே அகலம், அதுல பாதியும் இதே சுவர் மேல. ஆக, தம்பி 'எடுத்துடலாம்'னு சொன்ன சுவரு தலையில மூணரை டன் உக்காந்திருக்கு. பழைய அம்பாசிடர் காரு ஒண்ணு சுமார் 1.1 டன். மூணு அம்பாசிடரைத் தலையில தூக்கிக்கிட்டு எண்பது வருஷமா நிக்கிற ஆளைப் போய் 'கொஞ்சம் நகருப்பா'ன்னு சொல்ற மாதிரி.

எங்க கொத்தனார் இதை ஒரே வரியில முடிச்சுட்டார். "கண்ணு, இந்தச் செவுத்தை எடுத்தா வெளிச்சம் நல்லா வரும். ஆகாசமே தெரியும்."

எல்லாச் சுவரும் பாரம் சுமக்கும்னு இல்லை. மேல பாருங்க. கட்டைகளோட முனை எந்தச் சுவர்ல போய் உக்காருதோ அது பாரம் தாங்குற சுவர். கட்டைக்கு இணையா ஓடுற சுவருக்கு அவ்வளவு பாரம் இருக்காது. பூச்சு பூசி மறைச்சிருந்தா ஒரு ஓரத்துல சுரண்டிப் பாத்துட்டுத்தான் முடிவெடுக்கணும். தட்டிப் பார்த்துச் சத்தத்தை வெச்சுச் சொல்றேன்னு வர்றவங்களை நம்பாதீங்க.

சிமெண்ட் வந்தது, சண்டையும் வந்தது

இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினது 1824ல். இந்தியாவில் முதல் முயற்சி நம்ம மெட்ராஸிலதான், 1904ல். அது நிலைக்கலை. 1914ல் போர்பந்தரில் வந்ததுதான் நிலைச்சுது. தமிழ்நாட்டில் டால்மியாபுரம் 1939, திருநெல்வேலி தாழையூத்து 1949. எங்க ஜில்லாவுக்கு வந்தது 1963ல், சங்ககிரியில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை. சங்ககிரி பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லுதான் அதுக்குச் சாப்பாடு. கூப்பிடு தூரத்துல மூட்டை கிடைக்க ஆரம்பிச்சதும் சுண்ணாம்புக் காளவாய் ஒவ்வொண்ணா அணைஞ்சுது. மாசக்கணக்கில் ஊற வெச்சு அரைச்சுக்கிட்டிருந்த வேலையைச் சிமெண்ட் ஒரே நாள்ல முடிச்சுக் குடுத்தா யாரு சுண்ணாம்பைத் தேடுவாங்க? கொத்தனார்களும் பழக்கத்தை விட்டாங்க. இப்ப பழைய வீட்டுக்கு ரிப்பேர் பண்ண வர்றவங்கள்ல நிறையப் பேருக்குச் சுண்ணாம்புக் கலவை போடத் தெரியாது.

பிரச்சினை இங்கதான். பழைய செங்கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர் ஈரத்தை உறிஞ்சும், காத்துல விட்டுடும். அதுக்கு அடியில ஈரம் தடுக்கிற அடுக்கு எதுவும் கிடையாது, தேவையும் படலை. அதுமேல சிமெண்ட் பூச்சு பூசி டைல்ஸும் ஒட்டிட்டா, ஈரம் வெளிய வர வழியில்லாம உள்ளயே நிக்கும். மேல ஏறும். உப்பு பூக்கும். டைல்ஸ் முடியுற இடத்துக்கு மேல பூச்சு பொரிஞ்சு கொட்டும். "புதுசாப் பூசினது எப்படிங்க கொட்டுது?"ன்னு கேப்போம். சிமெண்ட் கெட்டியா இருக்கறதுனாலதான் கொட்டுது. மெத்துன்னு இருக்கிற சுவர் மேல விறைப்பான சட்டை போட்ட மாதிரி. எங்க தெருவுலயே ஒரு வீட்டில் ரெண்டே மழைக்காலத்துல இப்படி ஆச்சு. அதனால எங்க வீட்டில் தண்ணி தெறிக்கிற ரெண்டடி உயரத்துக்கு மட்டும் டைல்ஸ், மிச்சத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சுன்னு முடிவு பண்ணினோம். சேலம் முழுக்கத் தேடி வயசான ஒருத்தரைக் கூட்டி வந்தோம். அவர் கை வேலையைப் பாக்க எங்க கொத்தனாரே வேலையை நிறுத்திட்டு நின்னார்.

புகை போன வழி

பழைய அடுப்படிகளில் ஜன்னல் இல்லாம, மேல மட்டும் சின்னச் சின்ன ஓட்டை இருக்கும். கூரையில ஒரு புகைக்கூண்டு இருந்தாலும் இருக்கும். அதைத் தாண்டி மிச்சப் புகையெல்லாம் ஆயாவோட கண்ணுக்கும் நெஞ்சுக்கும்தான். எங்க அடுப்படிச் சுவரைச் சுரண்டினப்ப சுண்ணாம்புக்கு அடியில பிசுபிசுன்னு கரி அடுக்கு. ஆயா அத்தனை வருஷம் சுவாசிச்சது எவ்வளவுன்னு அப்பதான் உறைச்சுது.

இதை யாருமே கவனிக்கலைன்னு சொல்ல முடியாது. 1934ல் காந்தி ஆரம்பிச்ச அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவில் நடத்தினவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா. லண்டனில் கணக்கு படிச்சு, அமெரிக்காவில் பொருளாதாரம் படிச்ச மனுஷன். 1940களில் அந்த வார்தா மகன்வாடியில் உருவானதுதான் 'மகன் அடுப்பு', புகையைக் குழாய் வழியா வெளிய அனுப்புற மண் அடுப்பு. கடைசிக் காலத்தில் குமரப்பா மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் இருந்தார், 1960ல் இறந்தார். 1953ல் ஹைதராபாத் எஸ்.பி.ராஜு கோடிக்கணக்கான வீடுகளுக்குப் புகையில்லாச் சமையலறைங்கிற கனவோட ஒரு சின்னப் புத்தகமே போட்டார். 1980களில் மத்திய அரசு தேசிய அளவில் மேம்பட்ட அடுப்புத் திட்டம் கொண்டுவந்து 2002 வரைக்கும் நடத்துச்சு.

ஏன் பெருசா ஜெயிக்கலை? காரணம் நிறைய. அதுல ஒண்ணு நம்ம சப்ஜெக்ட். புகைக்குழாய்னா கூரையில ஓட்டை போடணும். ஓலைக் கூரையில சூடான குழாயை விட்டா தீப்பிடிக்கும். டெரஸ்ல ஓட்டை போட்டா அதைச் சுத்தி மழைத்தண்ணி இறங்கும். குழாயை மாசாமாசம் சுத்தம் பண்ணலைன்னா கரி அடைச்சுப் புகை திரும்ப உள்ளயே வரும். அடுப்பை மாத்தத் திட்டம் இருந்துச்சு, வீட்டை மாத்தத் திட்டம் இல்லை.

2002ல் போரூர் ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு தமிழ்நாட்டின் நாலு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் புகையை அளந்து ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அதுல வீடுகளைப் பிரிச்ச விதமே கவனிக்க வேண்டியது: வீட்டுக்குள்ள தடுப்புச் சுவரோட இருக்கிற அடுப்படி, தடுப்பில்லாத அடுப்படி, தனியா வெளிய இருக்கிற அடுப்படி, திறந்தவெளி. என்ன விறகு, அடுப்படி எப்படி எங்க இருக்கு, சமைக்கும்போது எவ்வளவு நேரம் பக்கத்துல இருக்காங்க, இந்த மூணும்தான் ஒருத்தர் வாங்குற புகையை முக்கியமா தீர்மானிக்குதுன்னு சொன்னாங்க. வீட்டுப் புகையால 2020ல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததா உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கு. அடுப்படி அமைப்புங்கிறது அழகுக்கான விஷயம் மட்டும்னு நினைக்கிறவங்க இந்த எண்ணை ஒருதரம் திரும்பப் படிக்கணும்.

மேலே போற புகை, கீழே இறங்குற கேஸ்

1955ல் பம்பாயில் பர்மா ஷெல் கம்பெனி 'பர்ஷேன்'ங்கிற பேரில் சிலிண்டர் விற்க ஆரம்பிச்சுது. இண்டேன் 1965ல் கல்கத்தாவில் ஆரம்பிச்சுது. எழுபது எண்பதுகளில் கேஸ் கனெக்‌ஷனுக்குப் பேரு குடுத்துட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவங்க நம்ம வீடுகளிலேயே இருப்பாங்க. தமிழ்நாட்டில் 2006 தேர்தலுக்குப் பிறகு வந்த இலவச கேஸ் அடுப்புத் திட்டம், 2016ல் மத்திய அரசோட உஜ்வலா, இது ரெண்டும் கிராமத்து அடுப்படி வரைக்கும் சிலிண்டரைக் கொண்டுவந்துச்சு.

அடுப்பு மாறுச்சு. ரூம் மாறலை. இதுல ஒரு ஆபத்து இருக்குன்னு நிறையப் பேருக்குத் தெரியறதில்லை. விறகுப் புகை சூடா இருக்கும், மேல போகும். அதனால ஓட்டையெல்லாம் மேல. சமையல் கேஸ் காத்தை விடக் கனமானது. கசிஞ்சா தரையோட தரையா படியும். பழைய வீட்டு அடுப்படிக்கு உயரமான வாசப்படிக் கல்லு இருக்கும், சில வீட்டில் தரையும் ஒரு படி கீழ இறங்கியிருக்கும். மேல காத்தோட்டம், கீழ தொட்டி. கசிஞ்ச கேஸ் தொட்டித் தண்ணி மாதிரி அங்கயே நிக்கும். அதனால பழைய அடுப்படியில சிலிண்டர் வெச்சிருக்கிறவங்க, முதல் வேலையா வெளிச்சுவர்ல தரைமட்டத்துல ஒரு ஜாலி ஓட்டை போடுங்க. எலி வராம இருக்க வலை அடிச்சுடுங்க. இதுக்குச் செலவு ஒரு நாள் கூலிதான்.

நின்னு சமைக்கிற மேடை தனிக்கதை. 1926ல் ஜெர்மனியின் ஃபிராங்பர்ட் நகரில் பெரிய குடியிருப்புத் திட்டத்துக்காக மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்கிற பெண் கட்டிடக்கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.9 மீட்டர். எத்தனை அடி நடக்கிறாங்க, எதை எடுக்க எவ்வளவு எட்டுறாங்கன்னு நேரம் பார்த்துப் பார்த்துச் செஞ்சது. சுமார் 10,000 வீடுகளில் போட்டாங்க. இன்னைக்கு நாம மாடுலர் கிச்சன்னு சொல்றதுக்கு அதுதான் பாட்டி. தான் அதுக்கு முன்னாடி சமைச்சதே இல்லைன்னு அந்தம்மா பின்னாடி சொன்னாங்கங்கறது உபரித் தகவல் :-)

ஆனா அது புதுசாக் கட்டின வீட்டுக்காகப் போட்ட கணக்கு. பழைய வீட்டுக்கு வர்றப்ப கல்லு இடிக்குது. ஆறடிக்கு ரெண்டடி கடப்பா கல், முக்கால் அங்குலக் கனம்னாலே அம்பது கிலோவுக்கு மேல. அதைச் சுவர்ல காடி வெட்டிச் சொருகுறதுதான் வழக்கம். மண் கலவையில கட்டின சுவர்ல நீளவாக்கில் காடி வெட்டினா, மூணரை டன் தூக்கிக்கிட்டு நிக்கிறவர் இடுப்பைக் கீறின மாதிரி. அதனால எங்க மேடை சுவரைத் தொடாம சொந்தக் கால்ல நிக்குது. அட்டாலியும் அப்படியே, அதுக்கும் தனியா இரும்புக் கால். வயரிங்கும் சுவரை வெட்டாம வெளிய கேசிங்கில. ரெண்டு குண்டு பல்புக்கு இழுத்த வயர்ல 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை மாட்டுறது தற்கொலை. அதுக்கு மட்டும் ஒன்பது ஆம்பியர் கிட்ட இழுக்கும். மீட்டர் பெட்டியிலிருந்தே புதுசா ஒரு தனி லைன் இழுத்தோம்.

ஆட்டுக்கல்லைப் பத்தியும் சொல்லணும். 1955ல் கோயம்புத்தூரில் சபாபதி கரண்ட்ல ஓடுற வெட் கிரைண்டரைச் செஞ்சு காட்டினார். 2011க்குப் பிறகு அரசே மிக்சி கிரைண்டரை வீடு வீடாக் குடுத்துச்சு. ஆனா தரையில பதிச்ச ஆட்டுக்கல்லு எங்க வீட்டில் அப்படியே கிடந்துச்சு, போற வர்றவங்க காலை இடிச்சுக்கிட்டு. பேத்து எடுத்ததும் கீழ ஒரு பள்ளம். அங்கணத்துக்கான சலதாரை அந்தப் பக்கமாத்தான் போகுதுன்னு அப்ப தெரிஞ்சுது. தண்ணி குடத்துல வந்த காலத்துக்கு அந்தச் சலதாரை போதும். குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுற காலத்துக்குப் போதாது. அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வேணும், அது கிடைக்கலை. சிங்க்கை நாங்க நெனச்ச இடத்துல வைக்காம, வெளிச்சுவர் பக்கமா நகர்த்திக் குழாயை நேரா பொடக்காலிக்கு விட்டதும் அது சரியாச்சு.

சுவரு என்னாச்சு?

இடிக்கலை. முழுசா விட்டுவைக்கவும் இல்லை.

சிவில் எஞ்சினியர் நண்பர் ஒருத்தரை வரவழைச்சோம். மூலையிலிருந்து ரெண்டு பக்கமும் மூணடி விட்டுட்டு, நடுவில நாலடி அகலத்துக்கு மட்டும் திறப்பு. இடுப்பு உயரத்துக்குக் கீழ சுவர் அப்படியே. முதல்ல ரெண்டு பக்கமும் கட்டைகளுக்கு அடியில் பலகை குடுத்து ஜாக்கி முட்டு நிறுத்தினாங்க. அப்புறம் சுவரோட பாதிக் கனத்தை மட்டும் எடுத்து ஒரு இரும்பு ஐ-பீம். அது இறுகினதுக்கு அப்புறம் அந்தப் பக்கம் இருந்து மறுபாதியை எடுத்து இன்னொரு பீம். பீமோட முனைகள் நேரா செங்கல் மேல உக்காராம, அடியில கருங்கல் பலகை வெச்சாங்க. பாரம் ஒரே இடத்துல குத்தாம பரவணும்ல. நம்ம சார்னோகைட்தான், ஏற்காட்டு மலை வேலைக்கு வந்துச்சு.

வேலை நடந்த ஒரு வாரமும் அம்மா பொடக்காலியில கல்லு கூட்டிச் சமைச்சாங்க. முழங்கால் வலியோட. அந்த ஒரு வாரத்துல அவங்க ஒரு தடவை கூட அவசரப்படுத்தலை. முட்டு எடுக்குற அன்னைக்கு மட்டும் எங்களையெல்லாம் வெளிய போகச் சொல்லிட்டு, அவங்க திண்ணையில உக்காந்து கூரையையே பாத்துக்கிட்டிருந்தாங்க. ஒரு மயிர்க்கோடு விரிசல் கூட விழலை.

தம்பி கேட்ட ஓப்பன் கிச்சன் கிடைக்கலை. ஆனா ஆசாரத்துல உக்காந்திருக்கிறவங்க முகம் அடுப்படியிலிருந்து தெரியுது, பேச்சு கேக்குது, வெளிச்சம் வருது. மேடை உயரம் எவ்வளவு வைக்கலாம்னு கொத்தனார் வழக்கப்படி அப்பாவைக் கேட்டார். அம்மா உள்ள இருந்து, "சமைக்கப் போறது நானு, என்னை நிக்க வெச்சு அளவெடுங்க"ன்னாங்க. 31 அங்குலம். அந்த வீட்டில் அவங்க உயரத்துக்குன்னு அளவெடுத்துச் செஞ்ச முதல் சாமான் அதுதான்.

அக்னி மூலை சொந்தக்காரர் வந்து பாத்துட்டு, "பரவால்ல, ஜன்னல் வழியா அக்னி அந்தப் பக்கமும் தெரியுது"ன்னு சொல்லி ரெண்டு தோசை அதிகமாச் சாப்பிட்டுப் போனார்.

பழைய வீட்டைத் தொடப் போறவங்களுக்குச் சுருக்கமா: கட்டை எந்தச் சுவர்ல உக்காருதுன்னு பாருங்க. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பூசுங்க. மேடையையும் அட்டாலியையும் சுவர்ல தொங்க விடாதீங்க. கேஸ் போகத் தரைமட்டத்துல வழி விடுங்க. எஞ்சினியருக்குக் குடுக்கிற காசைச் செலவுன்னு நினைக்காதீங்க. முக்கியமா, யாரு அங்க நிக்கப் போறாங்களோ அவங்களைக் கேளுங்க.

உங்க ஊர்ல மெட்ராஸ் டெரஸுக்கு வேற பேரு இருக்கா? சுண்ணாம்பு அரைக்கத் தெரிஞ்ச கொத்தனார் யாராவது இன்னும் வேலை பாக்குறாங்களா? பின்னூட்டத்துல எழுதுங்க. பேத்தெடுத்த ஆட்டுக்கல்லு இப்ப பொடக்காலியில துளசிச் செடிக்குப் பக்கத்துல கிடக்கு, அதை என்ன பண்ணலாம்னும் சொல்லுங்க. தூக்கிப் போடக் கூடாதுங்கறது அம்மாவோட உத்தரவு.